பழைய சிங்கிள் ஷாட் ரைஃபிளுக்கு அரிய பாகங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நூறு வருடத்துக்கு மேல் பழைய சிங்கிள் ஷாட் ரைஃபிள் ஒன்று, அதாவது ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாவைப் போட்டுச் சுடுவது, கைக்கு வருகிறது. குழல் நன்றாக இருக்கிறது, மரமும் தேறிவிடும். ஆனால் எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் பாகம்) காணோம். சுத்தியலைத் தாங்கும் திருகு இருந்த இடத்தில் யாரோ ஆணியை வெட்டிச் செருகி வைத்திருக்கிறார்கள். இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: மாடல் பெயரைப் போட்டுத் தேடி, முதலில் கண்ணில் படும் பாகத்தை வாங்கிவிடுகிறார்கள். பாகம் வந்து சேர்கிறது, பொருந்துவதில்லை. அடுத்ததை வாங்குகிறார்கள், அதுவும் பொருந்துவதில்லை. கடைசியில் "இந்தத் துப்பாக்கிக்குப் பாகமே கிடைக்காது" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள்.

பாகம் பல நேரம் எங்காவது ஒரு டப்பாவில் கிடக்கத்தான் செய்கிறது. தேடுகிறவருக்குத் தன் துப்பாக்கி இன்னதென்று துல்லியமாகச் சொல்லத் தெரியாததுதான் சிக்கல். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், வாங்கப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியே இருக்கும்.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-இலோ அதற்கு முன்போ தயாரான துப்பாக்கி பழம்பொருள். அதற்குப் பிந்தையது வழக்கமான விதிகளுக்கு உட்பட்டது. அந்தச் சட்டம் ரிசீவரைத்தான் (குழலும் மற்ற பாகங்களும் பொருந்தும் நடுச் சட்டகம்) துப்பாக்கியாகக் கணக்கில் எடுக்கிறது. ஆகவே திருகோ ஸ்பிரிங்கோ வாங்குவது ஒரு விஷயம், ரிசீவர் வாங்குவது முற்றிலும் வேறு விஷயம். வின்செஸ்டர் 1885 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1885 முதல் 1920 வரை தயாரானது அது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் இருக்கலாம். வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பு ஆண்டைக் கண்டுபிடிப்பது இதற்காகவும் அவசியம்.

பிரிட்டனில் குழல், பிரீச் பிளாக் (குழலின் பின்வாயை அடைக்கும் கட்டை) போன்ற அழுத்தம் தாங்கும் பாகங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. வேறு நாடுகளில் இன்னும் கடுமையாக இருக்கலாம். எல்லை தாண்டி அனுப்புவதற்கு ஏற்றுமதி அனுமதி, இறக்குமதி அனுமதி என்று தனித்தனியாகக் கேட்பார்கள். உங்கள் நாட்டின் உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பணம் கட்டியபின் சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பாகம் திரும்பி வருவது அபூர்வம்.

படி 1: கழற்றுவதற்கு முன் நிறுத்துங்கள்

துப்பாக்கியின் அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். குழலுக்குள் ஒரு தடியையும் விட்டுப் பாருங்கள். பல வருடம் முன்பு சிக்கிக்கொண்ட தோட்டாவோ ஈயக் குண்டோ உள்ளேயே இருக்கக்கூடும்.

பிறகு படம் எடுங்கள். இரு பக்கமும், மேல், கீழ், ஒவ்வொரு முத்திரை, ஒவ்வொரு திருகின் தலை. சாய்வாக வெளிச்சம் அடித்தால் தேய்ந்துபோன எழுத்துகள்கூட எழுந்து நிற்கும்.

அதன்பிறகுதான் கழற்றுதல். இங்கே நான் பிடிவாதமாக இருக்கும் ஒரு விஷயம் ஸ்க்ரூடிரைவர். சாதாரண டிரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகின் வெட்டில் மேல்விளிம்பில் மட்டும் உட்காரும், அழுத்தித் திருப்பினால் விளிம்பைச் சிதைத்துவிடும். துப்பாக்கி வேலைக்கான டிரைவரின் முனை இணையான பக்கங்களோடு, வெட்டின் அடிவரை இறங்கி, அதன் அகலத்தையும் நிறைக்க வேண்டும். துருப்பிடித்த திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருங்கள். அவசரத்தில் உடையும் ஒவ்வொரு அசல் திருகும் தேடல் பட்டியலில் இன்னொரு வரியாகிவிடும்.

படி 2: மாடலைத் தாண்டி, வகையைக் கண்டுபிடியுங்கள்

தேடலில் வெற்றியும் தோல்வியும் முடிவாகிற இடம் இதுதான். சில உதாரணங்களைச் சொன்னால் விளங்கும்.

ரெமிங்டன் ரோலிங் பிளாக் பத்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. எகிப்து, ஸ்பெயின், டென்மார்க், அர்ஜென்டினா என்று பல நாட்டுப் படைகள் வாங்கின. இவ்வளவு எண்ணிக்கையா, பாகம் எளிதில் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் நம்பர் 1, நம்பர் 1½, நம்பர் 2, நம்பர் 4 என்று சட்டகமே வெவ்வேறு அளவு. நம்பர் 2-இல் மரத்தைத் தொடும் ரிசீவரின் பின்விளிம்பு வளைந்திருக்கும், நம்பர் 1-இல் நேராக இருக்கும். நம்பர் 4 என்பது ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடிபட்டு வெடிக்கும்) தோட்டாக்களுக்கான சின்னத் துப்பாக்கி. அதன் பாகம் எதுவும் பெரியதில் ஏறாது. நம்பர் 1-க்குள்ளேயே எக்ஸ்ட்ராக்டர் ஒரு காலத்தில் சறுக்கி வெளிவரும் வகை, பின்னாளில் சுழன்று தள்ளும் வகை. "ரோலிங் பிளாக் எக்ஸ்ட்ராக்டர் வேண்டும்" என்று கேட்பவருக்கு இத்தனையில் எதையும் அனுப்பலாம், விற்பவரைக் குறை சொல்ல முடியாது. இந்தத் துப்பாக்கியில் ஒரு நல்ல விஷயமும் உண்டு: சுத்தியலையும் பிரீச் பிளாக்கையும் தாங்கும் இரண்டு தடித்த ஊசிகளை இடப்பக்கம் ஒரு சின்னத் தகடும் ஒற்றைத் திருகும் பிடித்து நிறுத்துகின்றன. அதிகம் தொலைவது அந்தத் தகடும் திருகும்தான். சேகரிப்பாளர் வட்டத்தில் அதை முதலில் விசாரியுங்கள்.

வின்செஸ்டர் 1885-ஐ வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். 1879-இல் காப்புரிமை பெற்றார், 1883-இல் வின்செஸ்டர் அதை வாங்கியது. மொத்தம் சுமார் 1,40,000 தயாராயின. பக்கச்சுவர் உயர்ந்த ஹை வால், தாழ்ந்த லோ வால் என்று இரு ரிசீவர்கள். இதில் கவனிக்க வேண்டியது மெயின் ஸ்பிரிங். பெரும்பாலானவற்றில் அது குழலுக்கு அடியில் நீளும் தட்டை ஸ்பிரிங். பிற்காலத்தில் சுருள் ஸ்பிரிங்காக மாற்றினார்கள். அப்படி மாறியபோது சுத்தியலும் சேர்ந்து மாறியது. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைப் பொருத்த முடியாது. எக்ஸ்ட்ராக்டரோ தோட்டாவின் விளிம்பு விட்டத்துக்கு ஏற்பத் தனித்தனி.

ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் ஃபேவரிட் சிறுவர்களுக்கான மலிவு ரைஃபிள். ஏராளமாக விற்றது, ஏராளமாக அடிபட்டது. ஆரம்பகால ஃபேவரிட்டில் எக்ஸ்ட்ராக்டர் அறையின் பக்கவாட்டில், பிறகு வந்தவற்றில் நடுவில். 1915 மாடல் மறுபடி வேறு. அதே நிறுவனத்தின் 44 வார்ப்பிரும்பு வகை ரிசீவர் கொண்டது, 44½ அடித்துருவாக்கிய எஃகு, உள் அமைப்பும் வேறு. பெயரில் ஒரு அரை மட்டுமே வித்தியாசம் என்பதால் இந்த இரண்டும் விற்பனைப் பட்டியல்களில் ஓயாமல் குழம்புகின்றன.

மார்லின் 1875 முதல் 1891 வரை தயாரித்த பல்லார்ட் ரைஃபிளில் பிரீச் பிளாக்கே இரண்டு பாதிகளாகப் பிளந்து, சுத்தியலும் டிரிக்கரும் அதற்குள் உட்கார்ந்திருக்கும். இரு பாதிகளும் ஒன்றோடொன்று ராவிப் பொருத்தப்பட்டவை. ஒரு பாதியை மட்டும் தேடாதீர்கள். ஜோடியாகக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

மார்ட்டினி-ஹென்றி பிரிட்டிஷ் படையில் 1871-இல் ஏற்கப்பட்டது. மார்க் 1 முதல் 4 வரை வகைகள், பிறகு .303 தோட்டாவுக்கு மாற்றப்பட்ட மார்ட்டினி-என்ஃபீல்டு. தொழிற்சாலையில் அளவுகோல் வைத்துச் செய்தவை என்பதால் இவற்றின் பாகங்கள் ஓரளவு மாற்றிப் போடத் தோதானவை. ஆனால் நேபாளத்தில் செய்த ககேந்திரா ரைஃபிள் வெளியில் மார்ட்டினி போலத் தெரிந்தாலும் உள்ளே தட்டை ஸ்பிரிங்கோடு வேறொரு இயந்திரம். கையால் ராவிச் செய்தது, ஒன்றின் பாகம் இன்னொன்றில் ஏறுவது அரிது. கைபர் கணவாய்ப் பகுதியின் நகல்களுக்கும் இதே கதை. அவற்றில் பிரிட்டிஷ் முத்திரைகளைக்கூடப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள். எழுத்து தலைகீழாகவோ பிழையாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வரிசை எண் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஹை வாலில் கீழ் டாங்கில் (ரிசீவரிலிருந்து பின்னால் நீளும் வால் போன்ற பகுதி) இருக்கும். பல துப்பாக்கிகளில் பட் பிளேட்டின் (மரத்தின் பின்முனையில், தோளில் பதியும் தகடு) உட்புறத்திலும் மரத்திலும் அதே எண்ணையோ பொருத்தும்போது போட்ட எண்ணையோ காணலாம். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் துப்பாக்கியே இரண்டின் கலவையாக இருக்கலாம். அப்போது மாடலை நம்பிப் பாகம் வாங்குவது வீண். வின்செஸ்டரின் பழைய தயாரிப்புப் பதிவேடுகளில் எஞ்சியவை வயோமிங் மாநிலம் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் எண் பதிவில் இருந்தால், ஆலையிலிருந்து வெளியேறியபோது எந்தத் தோட்டாவுக்கு, எந்தக் குழலோடு போனது என்பது தெரிந்துவிடும்.

படி 3: அறையை அளந்துவிடுங்கள்

குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். நூறு வருடத்தில் யாராவது அறையைப் பெரிதாகக் கடைந்திருக்கலாம், குழலுக்குள் புதுக் குழாய் செருகியிருக்கலாம். ஃபயரிங் பின்னும் (தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) எக்ஸ்ட்ராக்டரும் தோட்டாவைப் பொறுத்தவை என்பதால், இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த இரண்டையும் வாங்கவே கூடாது.

செரோசேஃப் என்ற உலோகக் கலவை இதற்கென்றே இருக்கிறது. வெந்நீரின் சூட்டிலேயே உருகும். அறைக்கு முன்னால் குழலுக்குள் துணியடைப்பு வைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, ஊற்றி, இறுகியதும் தள்ளி எடுக்க வேண்டும். எடுத்தவுடன் அளக்கக் கூடாது. முதல் அரை மணி நேரம் சுருங்கும், பிறகு விரியத் தொடங்கும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போதுதான் அறையின் உண்மையான அளவுக்கு வரும். அதற்குப் பிறகும் மெல்ல விரிந்துகொண்டே போகும். எனவே கடிகாரத்தைப் பார்த்து அளந்து, அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கலவையில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் அதிகம் சூடாக்காமல், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

படி 4: ஒரு பக்க அளவுத்தாள்

தொலைந்த பாகத்தை எப்படி அளப்பது? அது உட்காரும் இடத்தை அளக்கலாம். பள்ளத்தின் அகலம், துளையின் விட்டம், இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம். வெர்னியர் காலிபரில் அளந்து, கையால் ஒரு படம் வரைந்து, அளவுகளைக் குறியுங்கள். அங்குலம், மில்லிமீட்டர் இரண்டிலும் எழுதினால் எந்த நாட்டு விற்பனையாளருக்கும் அனுப்பலாம்.

திருகுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் மரைக்கு விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 பாகைக் கோணம், அமெரிக்க மரைக்கு செல்லர்ஸ் 1864-இல் முன்வைத்த 60 பாகை. துப்பாக்கி ஆலைகளோ விட்டத்தையும் ஒரு அங்குலத்துக்கான மரை எண்ணிக்கையையும் தங்கள் வசதிப்படி வைத்துக்கொண்டன. அதனால் கடைத்திருகு இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கே பலவந்தம் செய்தால் ரிசீவரின் மரை போய்விடும். திருகு தொலைந்தால் வேறு தேடலாம், ரிசீவர் மரை போனால் ஈடு செய்வது கடினம். பிட்ச் கேஜ் (மரை இடைவெளியை ஒப்பிடும் பல்தகடுகள்) வைத்துப் பாருங்கள். உள்மரைக்கு, பல்மருத்துவர் பயன்படுத்தும் அச்சுப் பசையைச் சிறிது அழுத்தி எடுத்தால் மரையின் நகல் கைக்கு வந்துவிடும்.

டாங்க் சைட் (டாங்கின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் கருவி) தேடுகிறீர்கள் என்றால் திருகுத் துளைகளின் இடைவெளிதான் முக்கியம். வில்லியம் லைமன் 1879-இல் காப்புரிமை பெற்ற வகைச் சைட்டுகளின் அடித்தகட்டில் சிறிய எழுத்துக் குறியீடு இருக்கும். எந்தத் துப்பாக்கிக்கானது என்பதை அந்த எழுத்து சொல்லிவிடும். எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல் பழைய லைமன் சைட் வாங்காதீர்கள்.

படி 5: எங்கே தேடுவது

வரிசை இருக்கிறது. முதலில் பெரிய பாகக் கிடங்குகள். நியூயார்க் மாநிலத்தின் நம்ரிச் நிறுவனம் மூடப்பட்ட ஆலைகளின் மிச்சச் சரக்கை வாங்கிக் குவித்தே வளர்ந்தது. அதன் பட்டியலில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பிரித்துக்காட்டும் படம் உண்டு. வாங்காவிட்டாலும் அந்தப் படத்தைப் பாருங்கள்: பாகத்துக்கு வணிகத்தில் என்ன பெயர், எத்தனை வகை என்பது தெரியும். "இருப்பில் இல்லை" என்று கண்டால் விட்டுவிடாதீர்கள், வந்தால் தெரிவிக்கச் சொல்லிப் பதிந்து வையுங்கள். பழைய துப்பாக்கிகளை இன்றும் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, ராணுவ வகைகளுக்கான தனி வியாபாரிகள். .45-70 தோட்டாவுக்கான ஸ்பிரிங்ஃபீல்டு டிராப்டோர் வகை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானதால் அசல் பாகங்கள் இன்றும் புழங்குகின்றன. மார்ட்டினிக்கு 2003-இல் பெரிய வாசல் திறந்தது. காட்மாண்டுவில் நேபாள அரச ஆயுதக் கிடங்கில் தலைமுறைகளாகக் கிடந்த பல பத்தாயிரம் துப்பாக்கிகளை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் வாங்கி வந்தன. முழுத் துப்பாக்கிகளோடு, பிரிந்து கிடந்த பாகங்களும் சந்தைக்கு வந்தன. தடித்த கிரீஸும் தூசியும் படிந்து வரும், சுத்தம் செய்ய நேரம் எடுக்கும். ஆனால் அவை காலத்தின் அசல்.

மூன்றாவது, மனிதர்கள். என் அனுபவத்தில் உண்மையிலேயே அரிய பாகம் கிடைப்பது இங்கேதான். அமெரிக்க சிங்கிள் ஷாட் ரைஃபிள் சங்கம் போன்ற சேகரிப்பாளர் அமைப்புகளின் உறுப்பினர்களிடம் ஆயுள்காலச் சேமிப்பு இருக்கும். அவர்கள் அதை விற்பனைக்குப் பட்டியலிட மாட்டார்கள், ஆனால் சரியான ஆள் சரியாகக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். துப்பாக்கிக் கண்காட்சிகளில் மேசைக்கு மேல் இருப்பதைவிட மேசைக்கு அடியில் இருக்கும் டப்பாக்களைக் கேளுங்கள். வயதான துப்பாக்கித் தச்சர்கள் தொழிலை விடும்போது பட்டறையோடு ஏலத்துக்கு வரும் டப்பாக்களும் அப்படியே.

ஏலத் தளங்களில் தலைப்பை நம்பாமல் படங்களைப் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டரை எஜெக்டர் என்றும், பிரீச் பிளாக்கை போல்ட் என்றும் விற்பவர்கள் எழுதுவது சகஜம். "பழைய துப்பாக்கிப் பாகங்கள், மொத்தமாக" என்ற தலைப்புக்குள் ஹை வால் லீவர் ஒன்று கிடக்கும். அதை அடையாளம் காண உங்கள் அளவுத்தாளும் பிரித்துக்காட்டும் படமும் கண்ணில் பதிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, புதிதாகச் செய்யும் நகல் துப்பாக்கிகளின் பாகங்கள். பழைய சிங்கிள் ஷாட் ரைஃபிள்கள் செய்த ஷார்ப்ஸ் கம்பெனி 1881-இல் மூடியது. இன்று மொன்டானாவின் ஷைலோவும் இத்தாலியின் பெடர்சோலியும் ஷார்ப்ஸ் வகையைச் செய்கின்றன. ஹை வாலுக்கு ஊபெர்ட்டி இருக்கிறது. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் மரையும் அளவும் மாறியிருக்கலாம். அளவுத்தாளை அனுப்பி ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ராவிப் பொருத்தும் அளவுக்கு உலோகம் மிச்சம் இருந்தால் வாங்கலாம், குறைவாக இருந்தால் வேண்டாம்.

படி 6: கேட்கும் விதம்

"ஸ்டீவன்ஸுக்கு ஃபயரிங் பின் இருக்கா?" என்று கேட்டால் பதில் வராது. மாடல், வகை, வரிசை எண்ணின் முன்பகுதி, தோட்டா, ரிம்ஃபயரா சென்டர்ஃபயரா (அடியின் நடுவில் அடிபடுவது), வேண்டிய பாகத்தின் படம், அளவுகள், பழைய பாகம் உடைந்து மிச்சம் இருந்தால் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்த படம். இவ்வளவையும் ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பலாமா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அசல் என்று சொன்னால் கருவித் தடம் தெரியும் உட்புறப் படத்தைக் கேளுங்கள். வெளியே பழுப்பேற்றிய புது வார்ப்பின் உட்புறத்தில் மணல் போன்ற சொரசொரப்போ அச்சுக்கோடோ காட்டிக்கொடுக்கும்.

ஒரு வேண்டுகோள். முழுமையாக, வேலை செய்யும் நிலையில் உள்ள பழைய ரைஃபிளை ஒரே ஒரு பாகத்துக்காக வாங்கிப் பிரிக்காதீர்கள். ரிசீவர் வெடித்தோ துருத்தின்றோ போனதைப் பிரிப்பதில் தவறில்லை. நல்லதைப் பிரித்தால் உலகில் ஒன்று குறைந்துவிடும், அதை யாராலும் மறுபடி செய்ய முடியாது.

படி 7: கிடைக்கவே இல்லை என்றால்

திருகு, ஊசி, ஃபயரிங் பின், தட்டை ஸ்பிரிங் ஆகியவற்றை உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சர் செய்து தர முடியும். இவற்றுக்காக வருடக்கணக்கில் அசலைத் தேடுவது தேவையற்றது என்பது என் கருத்து. எக்ஸ்ட்ராக்டர், லீவர் போன்றவற்றுக்கு இன்னொரு சேகரிப்பாளரிடம் அசலை இரவல் வாங்கி அளவெடுப்பது நல்ல வழி. அசலையே அச்சாக வைத்து மெழுகு வார்ப்பில் எடுத்தால் எஃகு ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம். சின்னப் பாகத்தில்கூட அது தளர்வாகத் தெரியும். அதனால் வரைபடம் போட்டுக் கடைவது மேல். கடைந்தபின் சரியான சூட்டுப்பதம் கொடுக்காத ஸ்பிரிங் சீக்கிரமே தளரும் அல்லது ஒடியும். இதைப் பதம் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ரிசீவர், பிரீச் பிளாக், குழல் ஆகியவை வேறு ரகம். அழுத்தம் தாங்குபவை. இவற்றை நகல் செய்ய முயலாதீர்கள். அசல் கிடைக்கும்வரை துப்பாக்கி சுவரில் காட்சிப்பொருளாக இருக்கட்டும்.

படி 8: பொருத்துதல்

வந்த பாகம் சற்றுப் பெரிதாக இருப்பதே நல்லது. ராவும்போது எப்போதும் புதிய பாகத்தை ராவுங்கள், பழைய ரிசீவரில் அரம் படக்கூடாது. தொடும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பாகத்தின் மேல் விளக்குக் கரியோ நீலச் சாயமோ பூசிச் செருகி எடுத்தால், உரசும் புள்ளி பளிச்சென்று தெரியும். அந்தப் புள்ளியை மட்டும் எடுத்து, மறுபடி பூசி, மறுபடி பாருங்கள்.

பிரீச் பிளாக், ஃபயரிங் பின், லீவர் ஊசி இவற்றில் எதை மாற்றினாலும் ஹெட்ஸ்பேஸை (பிரீச் பிளாக்கின் முகத்துக்கும் அறையில் தோட்டா தாங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) துப்பாக்கித் தச்சர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபயரிங் பின்னின் முனை எவ்வளவு வெளியே நீட்டுகிறது, துளையோடு இடைவெளி எவ்வளவு என்பதையும் பார்ப்பார். கருமருந்துக் காலத்து எஃகு இன்றைய புகையற்ற மருந்தின் அழுத்தத்துக்காகச் செய்ததல்ல. சுட உத்தேசம் இருந்தால் அந்தத் தச்சரின் ஒப்புதல் இல்லாமல் வேண்டாம்.

மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும், அது எங்கிருந்து வந்தது, அசலா புதிதா என்பதையும் ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியின் ஆவணங்களோடு வையுங்கள். புதிதாகச் செய்த பாகத்தின் வெளித்தெரியாத பக்கத்தில் ஆண்டைச் சிறிதாகப் பொறியுங்கள். கழற்றிய உடைந்த அசலைத் தூக்கி எறியாமல், பெயர் எழுதிய பையில் எண்ணெய் தடவிப் போட்டு வையுங்கள். தவறி வாங்கிய, பொருந்தாத பாகங்களையும் சரியான வகைப் பெயரோடும் அளவோடும் சேகரிப்பாளர் சங்கத்தில் விற்பனைக்கு அறிவியுங்கள். அதே பாகத்தை வேறொருவர் தேடிக்கொண்டிருப்பார்.